முற்றத்து மணலை மூடும் சதைப்பற்றுப் பூண்டுகள்: நடுகையும் இனப்பெருக்கமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், தீவகத்திலும், மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களிலும் புதிதாக வீடு கட்டுவோர், வளவில் எஞ்சிய வெறுநிலத்திற்குப் புல் வளர்க்கலாமா என்று எம்மிடம் கேட்பதுண்டு. 2009 ஆம் ஆண்டின் பின் மீளக் குடியேறிய வளவுகள் பலவற்றில் பழைய நிழல்மரங்கள் இல்லை. ஆதலால் சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களில் புழுதி அடுக்களை வரை வருகின்றது. மாரி தொடங்கியதும் அதே மண் தாவாரத் துளியினால் தெறித்துச் சுவரைக் கறைப்படுத்துகின்றது. நிலத்தை ஏதாவதொரு பயிரால் மூடவேண்டும் என்பதில் ஐயமில்லை. எதனால் மூடுவது என்பதே ஆராயவேண்டியது.

புற்றரையைப் பற்றி முதலிற் கூறிவிடுகின்றோம். ஒரு பரப்பு நிலத்தில் வளரும் புல்லிற்குக் கோடையில் வாரத்திற்கு ஓர் அங்குல நீர் இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 6,400 லீற்றராகும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்து சுண்ணக்கற் பாறையினுள் இறங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். அந்நன்னீர் பாரங் குறைந்தது; அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கணக்கின்படி, நன்னீரின் மட்டம் ஓரடி தாழுமாயின் கீழேயுள்ள உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 40 அடி அளவு மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் உடல் வருத்தமே அளவுகாட்டியாய் இருந்தது. நீர்ப்பம்பி பூட்டிய பின் அவ்வளவுகாட்டி இல்லாது போயிற்று. பார்வைக்காக வளர்க்கும் புல்லிற்கு இறைத்துக் குடிக்குங் கிணற்றை உவராக்கிக்கொள்ளுதல் அறிவுடைமையாகாது.

இதற்கு மாற்றாக, தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து நிலத்தோடு படர்ந்து வளரும் சதைப்பற்றுப் பூண்டுகளை நடலாம். இவை 4 முதல் 8 அங்குல உயரத்திற்கு மேல் எழுவதில்லை. வெறுந் தண்டுத்துண்டினாலேயே பெருகும். விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. ஆயினும் இவற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. எதையும் தாங்குஞ் செடி, எங்கே எறிந்தாலும் முளைக்கும் என்பதே அது. வெயிலையும் வரட்சியையும் தாங்கும் என்பது உண்மை. நின்ற நீரைத் தாங்கா. நமது பகுதியில் இவை அழிவது பெரும்பாலுங் கோடையிலன்று, கார்த்திகை மாதத்திலேயாம். கீழே கூறப்படும் முறைகள் யாவும் இவ்வொரு காரணத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

எப்பூண்டைத் தெரிவது?

வீட்டு முற்றத்திற்கு மிக ஏற்றது பத்துமணிப்பூ. தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில், உருகுவே, ஆர்ஜென்ரீனா ஆகிய நாடுகளிலிருந்து உலகெங்கும் பரவிய இப்பூண்டினைத் தாவரநூலார் போர்த்துலாக்கா கிராண்டிபுளோரா என்பர். இலை ஊசிபோல உருண்டு திரண்டிருக்கும். இலைக் கக்கங்களில் வெண்ணிற மயிர்கள் காணப்படும். வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, கடுஞ்சிவப்பு என நிறம் பல. வெயில் ஏறியதும் மலர்ந்து பிற்பகலிற் குவிந்துவிடும். மப்பான நாட்களில் விரியாது. நிழலிற் பூக்காது, ஆகவே மாமரத்தின் கீழோ வீட்டின் வடக்குச் சுவரோரத்திலோ நட்டுவிட்டுச் செடி மலடு என்று குறைகூறுதல் பொருந்தாது. நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது நேர் வெயில் படவேண்டும்.

கடலோரத்து வளவுகளுக்கு, குறிப்பாகக் கிணறு ஏற்கெனவே உவர்ப்பான இடங்களுக்கு, ஓர்ப்பூடு சிறந்தது. களப்பு ஓரங்களிலும் உப்பு வெளிகளிலும் தானாகவே படர்ந்திருக்கும் இதனை நீங்கள் பலமுறை மிதித்திருப்பீர்கள். தண்டு செந்நிறம்; இலை நீண்டு தடித்து மினுங்கும்; கடித்தால் உப்புக் கரிக்கும்; பூ சிறியது, இளஞ்சிவப்பு, விண்மீன் வடிவினது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுவதால் மணலை நன்கு பிணிக்கும். அழகில் பத்துமணிக்கு ஒரு படி தாழ்ந்ததேயெனினும், உவர்நீரையே ஊற்றி வளர்க்கக்கூடிய பூண்டு இதுபோற் பிறிதில்லை. கரையிலிருந்து கொண்டுவருவோர் ஒரு செடியில் இரண்டு மூன்று கொடிகளை மட்டும் வெட்டியெடுத்தல் போதும். வேரோடு பிடுங்கிக் கரையை வெறுமையாக்கவேண்டாம்.

தவிர்க்கவேண்டியவையும் உள. இலை விளிம்பிலே குட்டிகள் பிறக்கும் ரணகள்ளி ஆடுமாடுகளுக்கு நஞ்சாகும். கால்நடை கட்டும் வளவில் அதனை நடவேண்டாம். நாகதாளியின் ஒரு தட்டு விழுந்த இடத்திற் காடாகும். தென்பகுதியிலே பூந்தலத் தேசியப் பூங்காவின் கரையோர நிலங்களை அது எவ்வாறு பற்றிக்கொண்டது என்பதைக் கண்டவர்கள் வேலிக்காகவேனும் அதனை விரும்பார். மஞ்சட் பூவுடன் விரைவிற் படரும் வெடேலியாக் கொடி சதைப்பற்றுப் பூண்டன்று. தோட்டத்திலிருந்து தப்பி ஈரவலயத்திற் களையாகிவிட்டமையால் அதனையும் விலக்குக.

நடுவதற்குரிய இடம்

முற்றம் முழுவதையும் மூடுதல் எமது ஆலோசனையன்று. நெல்லும் மிளகாயும் காயப்போடவும், பிள்ளைகள் விளையாடவும், இரவில் ஊர்வன வந்தாற் கண்ணிற் படவும் கூட்டித் துப்புரவாக்கிய வெறுமுற்றம் வேண்டும். நம் முன்னோர் அதனை வெறுமையாக வைத்திருந்தது சோம்பலினாலன்று. இப்பூண்டுகள் மிதியையுந் தாங்கமாட்டா. ஆகவே நடைபாதையின் இரு மருங்கு, வேலியடி, படலையின் உட்புறம், மதிலோரம், சரிந்த வரம்பு, காற்று நேரே தாக்கும் தென்மேற்கு மூலை ஆகிய இடங்களையே தெரிக. குறுக்கே நடக்கும் வழக்கம் இருப்பின் அவ்விடத்தில் இரண்டடிக்கு ஒன்றாகத் தட்டைக் கற்கள் பதித்துவிடுக.

தாவாரத்தின் கீழ் நடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பீலி இல்லாத கூரையிலிருந்து விழுந் துளி நேரே செடிமேல் அடித்தால் ஒரே வாரத்தில் தண்டு அழுகிவிடும். துளி விழும் கோட்டில் ஓரடி அகலத்திற்கு முருகைக்கல் உடைவோ, ஓட்டுத் துண்டோ பரப்பி, அதற்கப்பால் நடுக. சுவரிற் சேறு தெறிப்பது கல்லினால் நிற்கும். கல்லிலிருந்து வழிந்தோடும் நீர் மண்ணைக் கொண்டுசெல்லாதவாறு பூண்டு தடுக்கும். கிணற்றடியிலும் குளிக்குமிடத்திலும் நடவேண்டாம். அங்கே வாழையும் கமுகும் நிற்கட்டும்.

நிலத்தைப் பண்படுத்தல்

மணல் நிலத்தில் வடிகால் இயல்பாகவே உண்டு. வலிகாமத்துச் செம்மண் நிலத்திலும், வயலையடுத்த களிமண் நிலத்திலும் பாத்தியை 4 முதல் 6 அங்குலம் உயர்த்தி, நடுப்பகுதி சற்று மேடாயிருக்க அமைத்தல் வேண்டும். களிமண்ணாயின் அதன் அளவில் பாதிக்கு ஆற்றுமணலோ, கழுவி உப்பு நீக்கிய மணலோ கலக்கவும்.

கோரையை ஒழிக்காமல் நடவேண்டாம் என்று வற்புறுத்திக் கூறுகின்றோம். பூண்டு படர்ந்த பின் அதன் நடுவே கோரை எழுமாயின் ஒன்றைப் பிடுங்க மற்றதும் வந்துவிடும். தழையை அரிவதனாற் பயனில்லை. நிலத்தினுள்ளே சங்கிலிபோலத் தொடுத்த கிழங்குகளில் ஒன்று தப்பினாலும் மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் ஓரடி ஆழம் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி, பாத்தியை நனைத்து இரண்டு வாரம் விடுக. மீந்தவை முளைகாட்டும். அவற்றையும் கிழங்கோடு கிண்டியெடுத்து வெயிலிற் காயவிட்டுப் பின்னர் எரித்துவிடுக. அவசரக்காரர் இரண்டாவது முறையைத் தவிர்த்துவிட்டுப் பின்னர் ஆண்டு முழுவதும் குனிந்து களை பிடுங்குவதை நாம் காண்கின்றோம்.

எருவைப் பொறுத்தவரை, 10 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள பாத்திக்கு நன்கு மக்கிய மாட்டெரு ஒரு கடகம் போதுமானது. மேல் மூன்று அங்குல மண்ணிற் கலந்துவிடுக. யூரியா இடவேண்டாம். நைதரசன் மிகுந்தால் தண்டு நீர்கோத்துப் பருத்து, பூக் குறைந்து, முதல் மழையிலேயே அழுகும்.

இவ்விடத்தில் எனது சொந்த அனுபவமொன்றைக் கூறுதல் பயனுடையது. பயிற்சி முடித்துக் கடமையேற்ற முதலாண்டில், தங்கியிருந்த வீட்டு வாசலின் ஓரமாக 30 அடி நீளத்திற்குப் பத்துமணிப்பூ நட்டேன். நட்டது ஐப்பசி மாதம். மழை வருகிறது, நீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று எண்ணினேன். மற்றைப் பயிர்களுக்கு இடுவதுபோல எருவையுந் தாராளமாக இட்டேன். இரண்டு வாரம் செழித்தது. கார்த்திகை நடுவில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் பார்த்தபோது பாத்தியில் நாற்றமெடுத்த கூழைத் தவிர வேறொன்றுமில்லை. அடுத்த வளவிலிருந்த மூதாட்டி ஒருவர் உடைந்த சட்டியொன்றில் மணலிட்டு விறாந்தையின் விளிம்பில் வைத்திருந்த ஒரேயொரு செடி அன்றும் பூத்திருந்தது. தை பிறந்ததும் அவரிடமே துண்டு கேட்டு வாங்கி மறுபடி நட்டேன். போதனாசிரியருக்குப் போதிக்கக் கிடைத்ததை எண்ணி அவர் சிரித்தார். சட்டியை மழைக்கு வெளியே வைக்காதே என்ற ஒன்றை மட்டுஞ் சொன்னார். நான் பாடசாலையிற் கற்ற வடிகால் பற்றிய பாடம் முழுவதும் அதனுள் அடங்கியிருந்தது.

நடுங் காலம்

ஆகவே நடுகைக்குச் சிறந்த காலம் தை நடுப்பகுதி முதல் பங்குனி வரையாம். மழை ஓய்ந்திருக்கும், நிலத்தினுள்ளே ஈரம் நிற்கும், வெயில் இன்னுங் கடுமையாகாது. அப்பொழுது நட்டவை சோளகம் எழுமுன் நிலத்தைப் பற்றிக்கொள்ளும். தவறவிட்டோர் சித்திரை மழையை அண்டி நடலாம். ஆவணிக்குப் பின் நிலத்தில் நடவேண்டாம்.

தண்டுத்துண்டினாற் பெருக்கல்

பூக்காத, நோயற்ற கிளையைத் தெரிந்து, கூரிய கத்தியால் நுனியிலிருந்து 3 அல்லது 4 அங்குல நீளத்தில் வெட்டுக. அடிப்பக்கத்து மூன்றிலொரு பங்கு இலைகளை நீக்குக. மொட்டிருப்பின் கிள்ளிவிடுக, வேர்விடும் வலுவை மொட்டு உண்டுவிடும். துண்டுகளைச் சுளகிற் பரப்பி, நிழலான இடத்தில் அரைநாள் முதல் ஒருநாள் வரை வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து தோல்போலாகும். பச்சைக் காயத்தோடு ஈர மண்ணில் ஊன்றினால் அழுகலுக்கு வழிவிட்டதாகும். சற்று வாடித் தொங்குதல் குறித்து அஞ்சவேண்டியதில்லை. துண்டிலுள்ள நீரே அதற்குப் பல நாட்களுக்குப் போதும்.

பின்னேரத்தில், ஒரு குச்சியாற் குழியிட்டு, ஒன்றரை அங்குலம் மண்ணினுள் இருக்குமாறு ஊன்றி, விரலால் அழுத்திவிடுக. குறைந்தது இரண்டு கணுக்கள் மண்ணினுள் இருத்தல் வேண்டும். இடைவெளி 6 அங்குலமாயின் மேற்கூறிய 30 சதுர அடிப் பாத்திக்கு 120 துண்டுகள் வேண்டும். கைவசம் குறைவாயின் 9 அங்குலத்தில் நடுக. 50 அளவிற் போதும், மூடுவதற்குச் சில வாரங்கள் பிந்தும், அவ்வளவே. வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி நடுதல் மண் ஓடுவதைத் தடுக்கும்.

நட்டவுடன் பூவாளியால் மெல்லத் தெளித்து, அதன்பின் பத்து நாட்களுக்கு இரண்டு நாளுக்கொருமுறை தெளிக்கவும். ஒரு வாரம் பத்து நாளில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பாருங்கள்; எதிர்த்து நின்றால் வேர் உண்டு. அதன் பின் வாரம் ஒருமுறை நனைத்தல் போதும். வெண்மணல் நிலமாயின் சோளகம் உச்சமான நாட்களில் இருமுறை. இலை சுருங்கிச் சற்று மெலிவதைக் கண்டபின் நீர் ஊற்றலாம். பருத்து மினுங்கும்போது ஊற்றவேண்டாம்.

ஓர்ப்பூட்டை ஊன்றவேண்டியதில்லை. ஓரடி நீளக் கொடியை ஓரங்குலப் பள்ளத்திற் கிடத்தி, நுனியும் இடையிடையே சில இலைகளும் வெளியே தெரிய, கணுக்களின்மேல் மணல் தள்ளிவிடுக. கொடிக்குக் கொடி ஒன்றரை அடி விடலாம். முதல் இரு வாரம் ஈரங் குறையாது பார்த்துக்கொள்ளுக. பத்துமணியைப்போல் இது ஈரத்திற்கு அஞ்சாது.

கோழி வளர்ப்போர் முதல் மூன்று வாரம் பாத்தியின்மேல் முட்கிளையோ பனை மட்டையோ பரப்பிவைத்தல் அவசியம். கோழிக்குச் செடியின்மேற் பகையில்லை. கிளறிய புதுமண்ணையே அது நாடுகின்றது. மண் இறுகியபின் அப்பக்கம் செல்லாது. ஆடு அவ்வாறன்று. அதனை எந்நாளும் கட்டியே வைக்கவேண்டும்.

விதையினாற் பெருக்கல்

பல நிறங்களைப் புதிதாகப் பெறவேண்டின் விதை நன்று. பத்துமணிக் காய் ஒரு சிறு செப்புப்போன்றது; முற்றியதும் மேல்மூடி கழன்றுவிடும். மூடி கழலுமுன், வைக்கோல் நிறமானவுடன் பறித்துக் கடதாசி உறையில் இடுக. விதை மிக நுண்ணியது, சாம்பல் நிறமாய் மினுங்கும். முளைப்பதற்கு ஒளி வேண்டுமாதலின் மண்ணால் மூடலாகாது. விதையோடு பத்து மடங்கு உலர்மணல் கலந்து, நனைத்த மேடையின் மேல் தூவி, பலகையால் மெல்ல அழுத்தினால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். அடுக்குப் பூவின் விதையிலிருந்து ஒற்றைப் பூச் செடிகளும் தோன்றும். தாய்ச்செடியின் நிறமும் அடுக்கும் மாறாதிருக்க விரும்புவோர் தண்டுத்துண்டையே நடுக.

களையும் பீடையும்

படர்ந்த பாத்தியில் பருப்புக்கீரையும் சாறணையும் இனத்தோடு இனம்போலக் கலந்து எழும். பருப்புக்கீரைக்கு இலை தட்டை, பூ மிகச் சிறிது, மஞ்சள். சாறணையின் இலை வட்டமானது. ஒரு சோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டையும் விதை கட்டுமுன் பிடுங்குக. இளந்தளிராயின் எறியவேண்டாம், வறைக்கு உதவும். பாத்திக்கு மருந்து தெளித்திருந்தால் உண்ணலாகாது.

வெண்மூட்டுப்பூச்சி கணுக்களிற் பஞ்சுபோல ஒட்டியிருக்கக் கண்டால், ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில் தெளித்து, மறுநாட் காலை வெறுநீராற் கழுவுக. காலை வேளையில் எம்மருந்தையுந் தெளிக்கவேண்டாம். பூ விரிந்த நேரத்தில் தேனீக்கள் அங்கே திரளும். உங்கள் பூசணியும் வெள்ளரியும் காய்ப்பது அவற்றாலேயாம். மாரியில் வரும் ஆபிரிக்க நத்தைகளை இரவில் விளக்குடன் சென்று, கையுறையணிந்து பொறுக்கி அழிக்கவும்; உப்புத் தூவினால் நத்தையோடு நிலமும் கெடும். மரக்கறித் தோட்டத்து மண்ணைப் பாத்திக்குக் கொண்டுவருமுன் அங்குள்ள தக்காளி, கத்தரி வேர்களைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சுகள் காணப்பட்டால் வேர்முடிச்சு வட்டப்புழு உண்டென்பதாகும், அம்மண் வேண்டாம்.

அடிப்பக்கம் பழுப்பாகி மெத்தென்றான செடிக்கு மருத்துவமில்லை. நுனி நலமாயிருப்பின் அதனை வெட்டி வேறிடத்தில் ஊன்றி, மீதியை மண்ணோடு அகற்றுக.

மாரிக்கு முன் செய்யவேண்டியவை

புரட்டாதி பிறந்ததும் படர்ந்த பாத்தியை 2 அங்குல உயரத்திற்குக் கத்தரித்துவிடுக. அடர்ந்து கிடக்குந் தழையினுள் ஈரம் தங்கினால் முழுப் பாத்தியும் போகும். கத்தரித்தாற் காற்றோடும், சில செடிகளாவது தப்பும். வெட்டிய தழையைத் தெருவிலோ கடற்கரையிலோ கொட்டாது, நன்கு உலர்த்திக் கூட்டெருக் குழியில் இடுக.

கத்தரித்தவற்றுள் நல்ல நுனிகளைத் தெரிந்து ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மூன்று சட்டிகள் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளல் வேண்டும். மணல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு. சட்டி கிடையாவிட்டால் சிரட்டையும் போதும். ஆனால் கண்ணைத் துளைத்தே நடுக. துளையில்லாச் சிரட்டை வேரை அழுகச் செய்வதோடு நுளம்பையும் பெருக்கும். மழை படாது காலை வெயில் விழும் விறாந்தை விளிம்பில் வைத்து, நான்கைந்து நாளுக்கொருமுறை மட்டும் சிறிது நீர் விடுக. மார்கழியில் நீண்டு மெலிந்து பூவின்றி நிற்கும். அதற்காக எரு இடவேண்டாம். தையில் ஒரு சட்டியிலிருந்து இருபது முப்பது துண்டுகள் எடுக்கலாம்.

சட்டிகளின் புறத்தே நிறத்தைச் சுண்ணாம்பினாலாவது எழுதிவைக்கவும். பூவில்லாத காலத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.